களியிலிருந்து சோற்றுக்கு

கல்லூரியிலிருந்து மலையேறி வரும் மாணவர்களின் பைகளில் ஏறக்குறைய ஒரே சாமான்கள்தான் இருக்கும். மூட்டு எத்தனை பாகை மடங்குகிறது என்று அளக்கும் கோனியோமீட்டர், தொடு உணர்ச்சியைச் சோதிக்கும் நைலான் இழைகள், ஒன்பது துளைகளில் ஒன்பது குச்சிகளைச் செருகி எடுக்கும் பலகை, அதற்கு நேரம் பார்க்க ஸ்டாப்வாட்ச், விரல் பயிற்சிக்குப் பிசைகிற வண்ண மாவு. கடைசி நேரத்தில் அம்மா திணித்த எலுமிச்சம்பழம் ஒன்றும் இருக்கும். கொல்லிமலை அடிவாரத்தில், காரவள்ளியில் தொடங்கும் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதியிலேயே எலுமிச்சை கைவிட்டுவிடும். உள்காதின் அரைவட்டக் குழாய்கள் என்னென்ன செய்யும் என்று பக்கம் பக்கமாக எழுதித் தேறியவர்கள், சோளக்காடு தாண்டிச் செம்மேட்டில் இறங்கும்போது முகம் வெளிறி, அடுத்த வண்டியில் திரும்பிவிடலாமா என்ற யோசனையில் இருப்பார்கள். திரும்பினாலும் அதே எழுபதுதான் என்று சொல்லி டீக்கடைக்கு அழைத்துப் போவேன்.

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். ஒரு தொண்டு அமைப்புக்காக இந்த மலையில் வீடு வீடாகப் போகிறேன். பக்கவாதம் வந்தவர், மரத்திலிருந்து விழுந்து தண்டுவடம் அடிபட்டவர், மூளை முடக்குவாதத்தோடு பிறந்த குழந்தை, மனநோயில் பல வருடம் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டவர் என்று யாராக இருந்தாலும், குளிப்பது, உடுத்துவது, உண்பது, காட்டுக்குப் போவது, சந்தைக்குப் போவது என விட்டுப்போன அன்றாடக் காரியங்களை மறுபடி அவர்கள் கைக்குக் கொண்டுவருவதுதான் வேலை. ‘பிசியோதெரபி மாதிரியா?’ என்று கேட்காதவர் இல்லை. பிசியோ நண்பர் கையைத் தலைவரைக்கும் தூக்க வைப்பார், அந்தக் கை தலைக்கு எண்ணெய் வைக்கிறதா, சடை பின்னுகிறதா என்று நான் பார்ப்பேன் என்று சொல்லிவைப்பேன். பிசியோ நண்பர்கள் இந்த விளக்கத்தை ஒப்புக்கொள்வதில்லை. அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. ஆண்டுதோறும் இறுதியாண்டு மாணவர்கள் சிலர் சமூகப் பயிற்சிக்காக என்னிடம் வருகிறார்கள். கல்லூரியில் ‘மேடம்’ என்று தொடங்குகிறவர்கள், இரண்டாம் நாள் மலைப்பாதையில் மூச்சு வாங்கும்போது ‘அக்கா’வுக்கு வந்துவிடுவார்கள்.

நான் படித்த காலத்தில் இது நாலரை ஆண்டுப் படிப்பு, அதில் கடைசி ஆறு மாதம் இன்டர்ன்ஷிப். பட்டம் வாங்குவதற்குள் குறைந்தது 1,000 மணி நேரமாவது களத்தில் பயிற்சி எடுத்திருக்க வேண்டும் என்பது இத்தொழிலின் உலகக் கூட்டமைப்பு வகுத்த விதி. முதல் ஆண்டு பெரும்பாலும் உடற்கூறியல். பிணத்தின் முன்னங்கையைத் திறந்து, ஒரு தசைநாரைச் சாமணத்தால் இழுத்தால், செத்த கையின் விரல் மடங்கும். முதல் முறை பார்க்கும்போது வகுப்பே இரண்டடி பின்வாங்கும். மறுவாரம் அதே மாணவர்கள் எந்த நார் எந்த விரலுக்கு என்று இழுத்து விளையாடிக்கொண்டிருப்பார்கள்.

கையைப் பற்றி அந்த ஆண்டில் கற்றதில் நான் இன்றுவரை பயன்படுத்தும் ஒன்றை வாசிப்பவர்களும் உட்கார்ந்த இடத்திலேயே செய்து பார்க்கலாம். விரல்களைத் தளர விட்டுவிட்டு மணிக்கட்டை மட்டும் பின்பக்கமாகத் தூக்குங்கள். விரல்கள் தாமே மடங்கி, கட்டைவிரல் ஆட்காட்டி விரலின் பக்கவாட்டில் போய் ஒட்டும். மணிக்கட்டைக் கீழே தொங்கவிட்டால் விரல்கள் விரிந்துவிடும். விரலை மடக்கும் தசைநார்களின் நீளம் அவ்வளவுதான், மணிக்கட்டு தூக்கினால் இழுபடும். கழுத்தில் தண்டுவடம் அடிபட்டு விரல்கள் முழுக்கச் செயலிழந்தாலும், மணிக்கட்டைத் தூக்கும் தசை தப்பியிருந்தால், இந்த ஒரு சூட்சுமத்தை வைத்துக்கொண்டே ஒருவர் பேனா பிடிக்கலாம், இட்லி பிட்டுத் தின்னலாம். தேர்வுத்தாளில் இது ஐந்து மதிப்பெண். செம்மேட்டுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் அதன் மதிப்பு வேறு, அதைப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் கல்லூரியில் கைவினை வகுப்பும் உண்டு. வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு கூடை முடைவோம், சிறு தறியில் நெய்வோம், ரம்பம் பிடிப்போம். பக்கத்து வகுப்பு எம்.பி.பி.எஸ். மாணவர்கள் கிண்டல் செய்யாமல் இருந்ததில்லை. இந்தத் தொழில் பிறந்ததே இப்படித்தான். 1917-ல் நியூயார்க் மாநிலத்தின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில் இதற்கான சங்கத்தைத் தொடங்கிய சிலரில் ஜார்ஜ் பார்ட்டன் ஒரு கட்டடக் கலைஞர். அவரே உடல் முடங்கிக் கிடந்து, தோட்ட வேலையும் மரவேலையும் செய்து தேறியவர். அப்போது நடந்த உலகப்போர் கை கால் இழந்த சிப்பாய்களை ஆயிரக்கணக்கில் அனுப்பிவைக்க, தொழில் காலூன்றியது. இந்தியாவுக்கு அதைக் கொண்டுவந்தவர் கமலா நிம்ப்கர். அமெரிக்காவில் எலிசபெத் லுண்டியாகப் பிறந்து, மராட்டியக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். 1950-ல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் அவர் தொடங்கியதுதான் நாட்டின் முதல் ஆக்குபேஷனல் தெரபிப் பள்ளி. 1952-ல் அகில இந்தியச் சங்கம் வந்தது. அதே ஆண்டு உலகக் கூட்டமைப்பைத் தொடங்கிய பத்து நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

ஆண்டுகளை மனப்பாடம் செய்கிற பாடத்தில் மாணவர்கள் தலை நிமிர்வது வேலூர் வரும்போதுதான். மேரி வர்கீஸ் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இளம் மருத்துவர். 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்குத் தசைநார் மாற்று அறுவை செய்துகொண்டிருந்த பால் பிராண்ட், அந்த அறுவைகளை உட்கார்ந்தே செய்யலாம் என்று அவரைத் தேற்றி அழைத்தார். சக்கர நாற்காலியில் இருந்தபடி மேரி வர்கீஸ் கைகளைச் சரிசெய்தார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-ல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது, 1972-ல் பத்மஸ்ரீ வந்தது. பிராண்ட் கற்றுத்தந்த இன்னொன்று எங்கள் பாடத்தின் அடித்தளமாகவே ஆகிவிட்டது: தொழுநோயாளியின் விரல் நோயால் உதிர்வதில்லை, வலி தெரியாததால் புண்ணாகிப் புண்ணாகிக் குறைகிறது. ஆகவே அறுவை முடிந்தால் வேலை முடிந்தது என்றில்லை. சூடான பாத்திரத்தை எப்படிப் பிடிப்பது, மண்வெட்டிக் காம்பு எத்தனை தடிமன் இருந்தால் அழுத்தம் பரவும், இரவு படுக்குமுன் உள்ளங்கையை எப்படிப் பார்ப்பது என்று ஒருவர் கூட உட்கார்ந்து பழக்க வேண்டும். அந்த ஒருவர் நாங்கள்தான்.

மூன்றாம் ஆண்டில் ஒரு சடங்கு. ஒரு நாள் முழுக்க மாணவர் சக்கர நாற்காலியில் இருக்க வேண்டும், இன்னொரு நாள் வலது கையைக் கட்டிக்கொண்டு காலம் தள்ள வேண்டும். சட்டை போடும்போது வராத கையை முதலில் நுழை, கழற்றும்போது கடைசியில் எடு என்பதெல்லாம் அன்றைக்குத்தான் மண்டையில் ஏறும். விடுதி மெஸ்ஸில் இடக்கையால் ஸ்பூன் பிடித்துச் சாப்பிட்டுவிட்டு, ‘பக்கவாதம் வந்தவர் கஷ்டம் புரிந்துவிட்டது’ என்று குறிப்பேட்டில் எழுதுவார்கள். எனக்கு இந்தச் சடங்கின் மேல் பெரிய மதிப்பில்லை. மாலை ஆறு மணிக்குக் கட்டு அவிழும் என்று தெரிந்த கைக்கும், இனி வராது என்று நினைக்கிற கைக்கும் தூரம் அதிகம். அதற்கு மேல், மெஸ்ஸில் யாரும் இடக்கையைப் பார்த்து முகம் சுளிப்பதில்லை.

இங்கே வலது பக்கம் விழுந்த ஒரு தாத்தா இருந்தார். வளவந்தி நாட்டில், சாலையிலிருந்து இறங்கிப் போக வேண்டிய வீடு. கை ஓரளவு மீண்டிருந்தது. தோள் அசையும், முழங்கை மடங்கும், விரல்கள் மொத்தமாக மூடும், ஆனால் தனித்தனியாக வராது. மூடிய விரலைத் திறப்பது சிரமம். அவர் மனைவிதான் மூன்று வேளையும் ஊட்டிவிடுவார். தேனியிலிருந்து வந்த மாணவி, கைப்பிடியைத் துணி சுற்றித் தடிமனாக்கிய ஸ்பூனைக் கொண்டுபோய் இடக்கையில் கொடுத்தாள். தாத்தா அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ‘எடங்கையில தின்னுட்டு அந்தக் கையிலயே துந்நூறும் பூசிக்கவா?’ என்றார். அவளுடைய புத்தகத்தில் ஆதிக்கக் கை மாற்றம் என்று ஓர் அத்தியாயமே உண்டு. ஆனால் அது முள்கரண்டியையும் கத்தியையும் வைத்து எழுதப்பட்ட அத்தியாயம்.

தாத்தாவின் மனைவியான ஆயாவும் மாணவியின் பக்கம் இல்லை. ‘நான் இருக்கறப்ப அவரு எதுக்குக் கண்ணு சிரமப்படணும்?’ என்று கேட்டுவிட்டார். எங்கள் படிப்பில் முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை ஓதப்படும் மந்திரம் தற்சார்பு. மதிப்பீட்டுப் படிவம் ஒவ்வொன்றும், தானே சாப்பிடுகிறாரா, தானே குளிக்கிறாரா என்று கேட்டு எண் போடும். ஊட்டிவிடுகிற மனைவி அந்தப் படிவத்தில் ஒரு குறைபாடு. ஆயாவுக்கோ அது ஐம்பது வருடக் குடித்தனத்தின் தொடர்ச்சி. இந்த இடத்தில் மாணவர்கள் இரண்டு விதமாகப் போவார்கள். சிலர் ஆயாவைத் திருத்தப் பார்ப்பார்கள். சிலர் ‘கலாச்சாரம்’ என்று எழுதிவிட்டு ஸ்பூனைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள். இரண்டாவது வகை பார்க்க மரியாதையாகத் தெரியும், எனக்கு அதுதான் அதிக எரிச்சல். தாத்தாவை யாருமே கேட்கவில்லையே.

தேனிப்பெண் கேட்டாள். காலையில் ஆயா காப்பித் தோட்டத்துக்குக் கூலிக்குப் போய்விட்டால் திரும்பும் வரை பசியோடு இருப்பதுதான் அவருக்குக் குறை, ராத்திரி அவள் ஊட்டுவதில் ஒன்றும் குறையில்லை என்றார். பிரச்சினை அப்போது ஒரு வேளைச் சாப்பாடாகச் சுருங்கியது.

அன்று இரவு எங்கள் வீட்டில் மூன்று தட்டு வைத்தோம். ஒன்றில் ரசம் சோறு, ஒன்றில் இட்லி, ஒன்றில் கேழ்வரகுக் களி. மாணவர்கள் ஒருவர் சாப்பிட மற்றவர்கள் விரலை மட்டும் பார்த்தார்கள். சோறு சாப்பிடுவது எவ்வளவு பெரிய வித்தை என்று இத்தனை வருடம் சாப்பிட்டும் யாருக்கும் தெரியவில்லை. விரல் நுனிகளால் கூட்டிச் சேர்க்க வேண்டும், நான்கு விரலும் ஓரம் கட்டிச் சிறு அகப்பை போல நிற்க வேண்டும், வாயருகே போனதும் கட்டைவிரல் பின்னாலிருந்து தள்ள வேண்டும். கட்டைவிரல் தனியாக அசையாதவருக்கு ரசம் சோறு என்பது எம்.ஏ. பாடம். சாமைச் சோறு இன்னும் மோசம், பருக்கை ஒட்டாது. இட்லிக்குக் கிள்ளத் தெரிய வேண்டும். களிக்கு அது எதுவும் வேண்டாம். ஐந்து விரலும் மொத்தமாக மூடினால் போதும், உருண்டை கையோடு வரும், குழம்பில் தோய்த்தால் வழுக்கும், விரல் திறக்காவிட்டாலும் வாய் பிடுங்கிக்கொள்ளும். பக்கவாதம் வந்த கை எந்த வரிசையில் மீள்கிறதோ அதே வரிசையில் எங்கள் அடுப்பங்கரை இருந்தது: முதலில் களி, பிறகு இட்லி, கடைசியில் சோறு.

காலையில் தாத்தாவுக்குக் களி உருண்டைகளைப் பிடித்துத் தட்டில் வைத்துவிட்டுப் போக ஆயா ஒப்புக்கொண்டார். தட்டை மணை மேல் வைத்தோம், உயரம் கூடினால் தோள் பாதி வேலையே செய்தால் போதும். சுவரில் முதுகு சாய்த்து உட்காரவைத்தோம், ஏனென்றால் இடுப்பு ஆடினால் கையும் ஆடும். விரல்களைத் தண்ணீரில் நனைத்துக்கொள்ளச் சொன்னது தாத்தாவின் சொந்த யோசனை. அது எந்தப் புத்தகத்திலும் இல்லை, களி கிண்டுகிற எல்லோருக்கும் தெரியும்.

கொல்லைப்புறம் போவதுதான் இதைவிடப் பெரிய வேலை. புத்தகம் உயரமான கோப்பையையும் சுவரில் பதித்த கைப்பிடியையும் படம் போட்டுக் காட்டும். இங்கே சரிவில் இறங்கிப் போக வேண்டும், குந்த வேண்டும், எழுந்திருக்க வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் ஓட்டை போடுவதும், பாதை நெடுக மூங்கில் கட்டுவதும் எல்லா மாணவர்களும் இங்கே கற்றுக்கொண்டு போகும் கைத்தொழில். நாற்காலியின் நான்கு கால்களும் சரிவில் சமமாக நிற்க மண்ணை வெட்டி மட்டம் பார்க்க வேண்டும், அதை மறந்தால் ஆள் கவிழ்ந்துவிடுவார்.

ஒரு செயலை எடுத்துக்கொண்டு அதை நார் நாராகப் பிரித்து எழுதுவது எங்கள் படிப்பின் முதுகெலும்பு. எந்த மூட்டு, எந்தத் தசை, எவ்வளவு பலம், கண் எங்கே பார்க்கிறது, மனம் எதைக் கணக்குப் போடுகிறது, என்ன சத்தம் கேட்கிறது, தவறினால் என்ன ஆபத்து என எல்லாம் எழுத வேண்டும். கல்லூரியில் பல் துலக்குவதையும் சட்டைப் பொத்தான் போடுவதையும் எழுதுவார்கள். இங்கே வந்தால் மலையில் செய்கிற வேலை ஒன்றை எழுத வேண்டும் என்பது என் கட்டளை. அன்னாசி அறுப்பது, மரவள்ளிக்கிழங்கு பிடுங்குவது, காப்பிப் பழம் பறிப்பது என்று ஆளுக்கொன்று எடுப்பார்கள். தூத்துக்குடிப் பையன் ஒருவன் அரிவாள்மனையை எழுதினான். ஒற்றைக் கைக்காரர்களுக்கு ஆணி அடித்த பலகை விற்கிறார்கள், காய் நகராமல் ஆணி பிடித்துக்கொள்ளும், ஒரு கையால் கத்தியை ஓட்டலாம். அரிவாள்மனையில் கத்தி ஏற்கெனவே அசையாமல் நிற்கிறது, காலோ தொடையோ பலகையை அழுத்திக்கொள்கிறது, ஒரு கையால் காயைத் தள்ளினால் அறுபடும், ஆகவே பாட்டிகளிடம் ஆணிப் பலகையைக் கொண்டுபோகாதீர்கள் என்று எழுதியிருந்தான். உணர்ச்சி குறைந்த காலை அந்தக் கத்திப் பக்கம் நீட்டக் கூடாது என்ற எச்சரிக்கையையும் விடவில்லை. அவனுக்கு நான் முழு மதிப்பெண் போட்டேன்.

தேனிப்பெண் எடுத்தது முறம். பக்கத்து வீட்டு ஆயா சாமை புடைக்கும்போது எதிரே உட்கார்ந்துகொண்டாள். நான்கு விரல் அடியில், கட்டைவிரல் மேலே, முழங்கை விலாவை ஒட்டி, மணிக்கட்டு வெடுக்கென்று மேலே, தானியம் மொத்தமாக எழும்பும்போது முன்விளிம்பு சற்றுத் தாழ்கிறது, உமி தாண்டிப் போய் விழுகிறது, வாய் லேசாக ஊதுகிறது, கண் கையைப் பார்ப்பதே இல்லை. கல் பொறுக்கும்போது அசைவே மாறுகிறது, மேலும் கீழும் போன முறம் பக்கவாட்டில் சரிந்து சரிந்து கொழிக்கிறது, கனமானது ஓர் ஓரம் ஒதுங்குகிறது. பக்கங்கள் நிரம்பின. முடிவில் ஒரு சந்தேகம் கேட்டாள்: ‘ஆயா, எந்தக் கை அதிகமாத் தூக்குது, வலதா இடதா?’ ஆயா முறத்தை நிறுத்தாமல் சொன்னார்: ‘கை எங்க பாப்பா தூக்குது? இடுப்புத்தான் தூக்குது.’

அவள் எழுந்து பக்கவாட்டில் போய் உட்கார்ந்து பார்த்தாள். உண்மைதான். ஒவ்வொரு வீச்சுக்கும் முன்னால் இடுப்பு சிறிது பின்வாங்கி முன்னால் வந்தது. கை அதை வாங்கிக் கடத்தியது, அவ்வளவே. எதிரே உட்கார்ந்ததால் அவளுக்கு அது தெரியவில்லை. பக்கவாதம் வந்தவரின் கையை மட்டும் உருட்டிக்கொண்டிருக்காதே, உடற்பகுதி நிலைக்காமல் கை வராது என்று பேராசிரியர்கள் வருடக்கணக்கில் சொல்வது இதைத்தான்.

இப்போது புடைக்கிற வீடுகள் குறைவு. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இந்த மலையில் சிறுதானியங்களுக்காக வேலை செய்கிறது. உமி நீக்கும் இயந்திரங்கள் வந்தன, உரலும் உலக்கையும் பல வீடுகளில் மூலைக்குப் போயின. பெண்களின் தோளையும் முதுகையும் பார்த்த நான் அந்த மெஷினைக் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனாலும் இரண்டு கையும் சேர்ந்து தாளம் தப்பாமல் செய்கிற ஒரு வேலையைச் சும்மாவே தந்துகொண்டிருந்த முறம் போனதில், என் தொழிலுக்கு மட்டும் சிறு நட்டம்.

கழுத்தில் அடிபட்டவர் கதைக்கு வருகிறேன். இங்கே மிளகுக்கொடி சில்வர் ஓக் மரங்களில் ஏறிக் கிடக்கும். ஒற்றை மூங்கிலில் கணு விட்டுச் செய்த ஏணியைச் சாத்தி, இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு ஏறிப் பறிப்பார்கள். ஏணி உருண்டால் முடிந்தது. இந்தியாவில் தண்டுவடம் அடிபடுவதற்கு உயரத்திலிருந்து விழுவதுதான் முக்கியக் காரணம் என்று புத்தகத்தில் ஒரு வரி வரும். இந்த மலையில் அந்த வரிக்கு முகம் இருக்கிறது. முப்பது வயது தாண்டாதவர். விரல்கள் அசையாது, மணிக்கட்டு எழும். அவர் அம்மா தினமும் எண்ணெய் தேய்த்து, மணிக்கட்டையும் விரல்களையும் ஒருசேரப் பின்னால் வளைத்து நீவி நீவி நேராக்கிக்கொண்டிருந்தார். பாசத்தோடு செய்கிற அந்தக் காரியம், இருந்த ஒரே பிடியையும் தளர்த்திக்கொண்டிருந்தது. தசைநார் கொஞ்சம் இறுக்கமாக இருந்தால்தான் மணிக்கட்டு தூக்கும்போது விரல் மடங்கும். மணிக்கட்டைப் பின்னால் தூக்கும்போது விரலை மடக்கிவிடுங்கள், விரலை நீட்டும்போது மணிக்கட்டைத் தொங்கவிடுங்கள், இரண்டையும் சேர்த்து நீட்டாதீர்கள் என்று அம்மாவுக்குப் புரியவைப்பது மாணவர்களுக்கு நான் வைக்கும் தேர்வு. நரம்பின் பெயர் சொன்னால் தோல்வி. தன் கையையே காட்டி, அம்மாவின் கையிலும் செய்துகாட்டினால் தேர்ச்சி.

பிடி வந்தது. முதலில் எதைப் பிடிக்க ஆசை என்று தூத்துக்குடிப் பையன் கேட்டான். நோயாளியின் விருப்பமே சிகிச்சையின் இலக்கு என்று படித்தவனாயிற்றே. ‘பீடி’ என்றார் அவர்.

அன்று மாலை திண்ணையில் பெரிய வாக்குவாதம். நுரையீரல் ஏற்கெனவே பாதி வேகத்தில்தான் வேலை செய்கிறது, இருமிச் சளியைத் துப்பவே பலமில்லாதவருக்குப் புகைக்கப் பழக்குவதா என்றாள் தேனிப்பெண். இத்தனை நாள் தம்பி வாயில் வைத்துவிட்டுப் பிடித்துக்கொண்டுதானே இருந்தார், இப்போது பழக்கம் புதிதாக வரப்போவதில்லை, அவமானம்தான் போகும் என்றான் இவன். இரண்டும் சரி. நான் தீர்ப்புச் சொல்லவில்லை. தொழிலில் உட்கார்ந்த பிறகு இப்படித் தீர்ப்பு இல்லாத மாலைகள் நிறைய வரும், இப்போதே பழகிக்கொள்ளட்டும். ஆனால் கங்கு மடியில் விழுந்தால் அவருக்குத் தெரியாது, தொடை வெந்த பிறகுதான் வாசனையில் தெரியும் என்று மட்டும் எடுத்துக்கொடுத்தேன். கட்டைவிரலிலும் ஆட்காட்டி விரலிலும் உணர்ச்சி இருக்கிறது, சுடு தெரியும், சுண்டு விரல் பக்கம் தெரியாது, ஆகவே எந்த இரண்டு விரலுக்கு நடுவில் என்று முடிவாயிற்று. மடிக்கு நனைத்த சாக்கு. தனியாக இருக்கும்போது கூடாது என்பது தேனிப்பெண்ணின் நிபந்தனை. கூடவே இருமப் பழக்கும் பயிற்சியையும் அவர் தலையில் கட்டினாள். ஒரு வாரம் போனதும் அதே பிடியில் செல்போன் வந்தது, சந்தை விலை கேட்டுத் தம்பிக்குச் சொல்லும் பொறுப்பு அவருடையது ஆனது. பீடி நின்றதா என்றால், இல்லை.

கையைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்பிளின்ட் செய்வது பற்றிச் சொல்லாவிட்டால் என் சகாக்கள் கோபித்துக்கொள்வார்கள். கல்லூரியில் தெர்மோபிளாஸ்டிக் தகட்டை எழுபது டிகிரி வெந்நீரில் போட்டால் அப்பளம் நனைந்ததுபோல் துவளும், நோயாளியின் கையில் அப்படியே படியவைக்கலாம். தகட்டின் விலை மலைக்குக் கட்டாது. பிவிசி குழாயை நீளவாக்கில் கீறி, வெட்டவெளியில் அடுப்பு மேல் வாட்டி, தட்டையாக்கி, துணி சுற்றிய கையில் வளைப்போம். பொருள் எதுவானாலும் காகிதத்தில் கையை வைத்து வரைகிற கணக்கு ஒன்றே. உள்ளங்கையின் ரேகைக்குக் கீழேயே தகடு நின்றுவிட வேண்டும், ஒரு விரற்கடை மேலே ஏறினாலும் விரல் மடங்காது, ஒரு விரற்கடை குறைந்தால் மணிக்கட்டு தாங்காது. எலும்பு துருத்தும் இடத்தில் குழி விட வேண்டும். மாட்டிக் கழற்றி இருபது நிமிடத்தில் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

குழந்தைகளிடம் மாணவர்கள் தாமே கற்றுக்கொள்கிறார்கள், எனக்கு வேலை குறைவு. ஜீன் ஏயர்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி வகுத்த புலன் ஒருங்கிணைப்புச் சிகிச்சைக்கு நகரத்தில் வாடகை அறையில் வண்ண வண்ண ஊஞ்சல்கள் தொங்கும். இங்கே பலா மரக்கிளையில் கோணிச் சாக்கு.

குறிப்பு எழுதும்போது எல்லோரும் ஒருமுறை திணறுவார்கள். பதிவேட்டின் ஆங்கிலத்தில் ‘நோயாளி சார்பற்று உணவு உட்கொள்கிறார்’ என்பது போன்ற வாசகங்கள்தான் அடங்கும். காலை வேளை களி தானே, இரவு ஆயா கையால், இரண்டும் அவர் விருப்பப்படி என்பதற்குக் கட்டம் இல்லை. ஓரத்தில் எழுதச் சொல்வேன். தேர்வாளர் ஓரத்தைப் படிப்பாரா என்று கேட்பார்கள். சிலர் படிக்கிறார்கள்.

படித்து முடித்து எங்கே போகிறார்கள் என்றால், பெரும்பாலும் நகரத்துக் குழந்தைகள் மையங்களுக்கு, அல்லது வளைகுடாவுக்கு, பிரிட்டனுக்கு, அமெரிக்கத் தேர்வுக்கு. குறை சொல்ல வழியில்லை. 2021-ல்தான் இந்தத் தொழில்களை ஒழுங்குபடுத்தத் தேசிய ஆணையச் சட்டம் வந்தது, அதுவரை நர்சுகளுக்கு இருப்பதுபோல் ஒரு தேசியக் குழுமம்கூட எங்களுக்கு இல்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வருகிறார். மலைவீடுகளில் அது எவ்வளவு பெரிய உதவி என்று நேரில் பார்க்கிறேன். அந்த வண்டியில் இன்னொரு இருக்கையும் வேண்டும் என்று போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். 21 வகை மாற்றுத்திறன்களைப் பட்டியலிட்ட 2016-ஆம் ஆண்டுச் சட்டம் கையில் இருக்கும்போது, பதவி இடங்கள் வட்டாரத்துக்கு ஒன்றாவது உருவாகாததற்குக் காரணம் பணம் மட்டும்தான் என்று நான் நம்பவில்லை. எங்களைத் தெரிந்தவர்கள் முடிவெடுக்கும் அறைகளில் குறைவு.

இப்போது எனக்கும் கல்லூரிக்கும் ஒரே வழக்கு, மாதத்தைப் பற்றி. அவர்களுக்கு வசதி மே மாதம். மே மாதத்தில் மலையில் சுற்றுலாக் கூட்டம்தான் இருக்கும். மாணவர்கள் வல்வில் ஓரி சிலையருகே செல்ஃபி எடுப்பார்கள், அருவிக்குப் போவார்கள், வீடுகளில் பார்க்கத்தக்க வேலை எதுவும் நடக்காது. கார்த்திகையில் வந்தால் சாமைக் கதிர் அடிப்பதைப் பார்க்கலாம், காப்பி பழுத்துக்கொண்டிருக்கும். தை பிறந்துவிட்டால் மிளகு. செயலை ஆராயப் படிக்கிற பிள்ளைகளை, செயல் நடக்கும் மாதத்தில் அனுப்புங்கள் என்று எழுதியிருந்தேன். தைக்கு ஒப்புக்கொள்ளவில்லை, பருவத் தேர்வு குறுக்கே நிற்கிறதாம். கார்த்திகையில் இரண்டு வாரம் தருகிறோம் என்று பதில் வந்திருக்கிறது. அது மழைக்காலம். குடையை விட மழைக்கோட்டு நல்லது, இரண்டு கையும் சும்மா இருக்கும் என்று அவர்களுக்கு எழுத வேண்டும்.